நஸார் வருத்தம் பார்க்க வருகிறான்

புதுக் கதிரையில் எப்படி இருப்பது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. மகள் வவுனியாவில் வாங்கி லொறியில் அனுப்பியிருந்த சாய்மனைக் கதிரை அது. பக்கத்தில் ஒரு பிடி. இழுத்தால் முதுகு பின்னால் போகும், கால் மேலே எழும்பும். நான் அதைக் கடைசி வரை இழுத்துவிட்டுப் படுத்தேன். பத்து நிமிடத்தில் இடுப்புக்குள் ஆணி இறங்கியது போல இருந்தது.

கிணற்று மோட்டரைத் தனியாகத் தூக்கி, அறுபத்தாறு வயதில் முதுகைக் கெடுத்துக்கொண்டவன் நான். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தரும் பிள்ளை விசயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஐயா, படுக்கிறதுக்குக் கட்டில் இருக்குத்தானே. இது சாயுறதுக்கு."

கதிரையின் அடி மூலை வரை பின்னுக்குத் தள்ளி இருக்க வேண்டும். ஒரு துவாயைச் சுருட்டி இடுப்பின் வளைவுக்குள் வைக்க வேண்டும். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும், பாதிக்கு மேல் சாயக் கூடாது. அவள் சொன்னபடி இருந்தபோது, இருபத்திரண்டு நாட்களாக விடாத வலி நின்றது. கொஞ்ச நேரம் அது எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சுகம் வந்த பிறகுதான் நஸாரோடு சிக்கல் தொடங்கியது.

நஸாரும் நானும் எண்பத்தைந்தில் ஒரே நாளில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வேலை முடிந்ததும் இரண்டு சைக்கிள்களில் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பும் வளைவு வரை போவோம். அங்கே ஒரு மதகு, வாய்க்காலுக்கு மேல் சின்னப் பாலம். அதன் கட்டின் மேல் பக்கம் பக்கமாக இருந்து றோட்டைப் பார்ப்போம். பேசாலையில் இருந்து வரும் மீன் லொறிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டபடி போகும். றோட்டில் விழுந்த ஈரக் கோட்டை முகர்ந்துகொண்டு கழுதைகள் பின்னால் வரும். வெயில் சேற்றுத் தரையில் சிவந்து படிந்ததும் அவன் தன் ஊருக்குப் போவான், நான் பட்டினத்துக்குத் திரும்புவேன். ஐந்து வருடம் அப்படி இருந்தோம். பேசியதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினால் நாலு பக்கம் வராது. என் வாழ்க்கையில் நான் நிறைவாக இருந்த நேரம் எது என்று கேட்டால், அந்த மதகுக் கட்டைத்தான் சொல்வேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம்கள் எல்லோரும் எங்கள் தீவைவிட்டுப் போக வேண்டும் என்று ஆயுதம் தாங்கிய தமிழ் இயக்கம் அறிவித்தது. நஸாரின் குடும்பம் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனது. நான் அவனை வழியனுப்பப் போகவில்லை.

இருபது வருடம் அவன் புத்தளத்தில் இருந்தான். யுத்தம் முடிந்த அடுத்த வருடம், ஒரு பின்னேரம் நான் மதகில் இருந்தேன். நரைத்த தாடியோடு ஒருவன் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, "தள்ளியிரு" என்றான். தள்ளியிருந்தேன். அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை. பிறகு வந்த வருடங்களிலும் அந்த ஐப்பசியைப் பற்றி அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இப்போது மதகில் என்னால் இருக்க முடியாது. அதனால் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அவன் என் வீட்டுக்கு வரத் தொடங்கினான். முதல் நாளே ஒரு பை தோடம்பழம் கொண்டுவந்தான். என் மனைவி அன்ரோனெற் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை என் கால்மாட்டில், என்னைப் பார்த்தபடி போட்டாள். வருத்தம் பார்க்க, நோயாளியைச் சுகம் விசாரிக்க வருகிறவர்களுக்குப் போடுகிற இடம் அது.

நஸார் இருந்தான், என்னைப் பார்த்தான், பிறகு எழும்பி வந்து என் நெற்றியில் கையை வைத்து துஆ ஓதினான்.

"நானா, நோவு இடுப்பிலயல்லோ," என்றாள் அன்ரோனெற்.

"அங்க கை வச்சா நீங்க ஏசுவீங்க, தங்கச்சி. இஞ்ச இருந்து அது இறங்கிப் போகும்."

நாங்கள் சிரித்தோம். ஆனால் அவன் அதோடு நிற்கவில்லை. நித்திரை வருகுதா? கால் விறைக்குதா? எந்த டொக்டர்? அவனுடைய மச்சினனுக்கும் இதே முதுகுதானாம், எண்ணெய் போட்டுச் சுகமாம். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு நேரமாகும் வரை கதைத்தான். அடுத்த நாள் அப்பிளோடு வந்து அதே கேள்விகளை வேறு ஒழுங்கில் கேட்டான். மூன்றாம் நாள் அரசாங்கம், மீன் விலை, பேத்தியின் பள்ளிக்கூடச் சோதனை என்று போனது. வாயை மூடினால் ஏதோ விழுந்து உடைந்துவிடும் போல விடாமல் கதைத்தான்.

முதுகு சுகமாகத்தான் இருந்தது. எனக்கோ அவன் போன பிறகு தனிமையாக இருந்தது. இப்படியே போனால் இன்னும் ஒரு மாதத்தில் பழங்கள் குறையும், பிறகு இடையில் நாட்கள் விடுபடும், பிறகு பெருநாளுக்கு மட்டும் வருவான். வருத்தக்காரனை எல்லோரும் அப்படித்தான் கைவிடுகிறார்கள்.

நாலாம் நாள் ஒரு முடிவெடுத்தேன். அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் சாய்மனைக் கதிரையில் இருந்து இறங்கி, பிளாஸ்ரிக் கதிரை ஒன்றில் நிமிர்ந்து இருந்தேன்.

நஸார் வாசலில் நின்று பார்த்தான். "சுகமாயிட்டுதோ?"

"ஓம்."

வந்து எதிரே இருந்தான். நான் சுவரைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் என் கழுத்தில் இருந்து வியர்வை ஓடத் தொடங்கியது.

"டேய், உனக்குப் பைத்தியமோ? அவ்வளவு பெரிய கதிரை கிடக்கு, ஏன் இதில இருந்து சாகிறாய்?"

"அதில இருந்தா நீ வருத்தம் பாக்க வாறாய்," என்றேன். "எனக்கு நீ வந்து சும்மா இருக்கிறதுதான் வேணும். கதைக்காத நஸார், முந்தி மாதிரி இரு."

அவன் கைகளைப் பிசைந்தான்.

"மதகில எண்டா முன்னால றோட்டுக் கிடக்கு. அதைப் பாத்துக்கொண்டிருக்கலாம். இஞ்ச உன்ர முகம்தான் கிடக்கு, மச்சான். சும்மா இருந்து அதைப் பாத்தா எனக்கு வேற எல்லாம் ஞாபகம் வருது. அதுதான் கதைக்கிறன்."

எது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

"அண்டைக்கு நீ வரேல்ல," என்றான். "கரையில நிண்டு உன்னைத் தேடினனான்."

உள்ளே அன்ரோனெற் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"சைக்கிளை எடுத்தனான்," என்றேன். "மதகு மட்டும் வந்தனான். அங்கால வரப் பயமாயிருந்தது. வழியனுப்ப வாற ஆக்களின்ர பேரை இயக்கம் எழுதும் எண்டு நினைச்சன். இருட்டும் மட்டும் அதிலேயே இருந்தனான்."

"மதகிலயோ?"

"ஓம்."

"தனிய?"

"ஓம்."

அவன் எழும்பினான். போகப் போகிறான் என்று நினைத்தேன். நான் அவனைத் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் அவன் என் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி, சாய்மனைக் கதிரையில் கொண்டுபோய் இருத்தினான். துவாயைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் செருகினான். தடிப்பமாகச் சுருட்டிவிட்டான். நான் சொன்னதும் எடுத்து மறுபடி சுருட்டினான். பிறகு தன் கதிரையைத் தூக்கி என் கால்மாட்டில் இருந்து என் தோளுக்குப் பக்கத்தில் போட்டு, நான் பார்க்கும் பக்கம் பார்த்து இருந்தான். அந்தப் பக்கத்தில் யன்னல். யன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கி. அதன் மேல் ஒரு காகம்.

வெகுநேரம் காகத்தைப் பார்த்தோம். அது போன பிறகு தாங்கியைப் பார்த்தோம்.

"கிறகரி," என்றான் கடைசியில், என் பக்கம் திரும்பாமல்.

"சொல்லு."

"தேடினனான் எண்டது பொய்."

நான் அவன் பக்கம் தலையைத் திருப்பினேன். அவன் யன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அண்டைக்கு ஆர் ஆரைத் தேடினது? உம்மாவின்ர மருந்துப் பையைக் காணேல்ல. அவ வள்ளத்தில ஏற மாட்டன் எண்டு கத்திக்கொண்டு நிக்கிறா. நான் கரையெல்லாம் அந்தப் பையைத்தான் தேடினனான். உன்ர நினைப்பே வரேல்ல. பிறகு புத்தளத்தில, முகாமில செய்ய ஒரு வேலையும் இல்ல. இருந்து யோசிச்சு யோசிச்சுத்தான் நீ வரேல்ல எண்டு கண்டுபிடிச்சனான்."

"பை கிடைச்சதோ?"

"அவவின்ர கையிலதான்டா இருந்தது."

எனக்குச் சிரிப்பு வயிற்றில் தொடங்கி இடுப்பில் போய் இடித்தது. கதிரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். வலித்தது, நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் நஸார் தலையைக் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தான். அன்ரோனெற் ஈரக் கையோடு ஓடிவந்து, எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதுகை மறுபடி துவாயில் பொருத்தினேன். அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். அதற்குப் பிறகு மஃரிப் வரை இருவரும் பேசவில்லை.