ஐந்து மணிக்கு அடித்த கார்டு

காலையிலிருந்து இஸ்திரிக்காரனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஷூவை மாட்டினான், கழற்றினான். ஜன்னலைத் திறந்தான், மூடினான். குடித்து முடித்த காபி டம்ளரை எடுத்து இன்னொரு தடவை குடித்துப் பார்த்தான்.

"என்ன, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துறீங்க? விசாரணை எங்க அண்ணனுக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி.

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அவனுக்கோ திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

"அண்ணன் கை சரியாயிடும்ல?"

"ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்."

"இன்ஷூரன்ஸ்ல ஒத்துக்கிட்டாத்தானே ஆபரேஷன்?"

அவன் மறுபடி ஷூவை மாட்டினான்.

அவள் அண்ணன், அதாவது அவனுடைய மச்சான், அவன் இஸ்திரி போடுகிற அதே தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அறுபது மடிப்புத் துணியை ஒரே வெட்டில் கோடு பிசகாமல் அறுக்கிற கை அது. வருடக் கடைசி விடுமுறைக்கு முந்தைய நாள் கம்பெனியில் கேக்கும் பாட்டும் தடபுடலாக நடந்தது. வாசல் மேலே சீரியல் லைட் தொங்கி விழுந்ததும் மேனேஜர், "மாஸ்டர், நீங்கதான் உயரம், கொஞ்சம் ஏறிக் கட்டி விடுங்க" என்றார். நான்கு ஐம்பதுக்கு மாஸ்டர் ஏணியில் ஏறினார். ஐந்து பத்துக்கு ஏணி வழுக்கியது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. தகடு வைக்காவிட்டால் விரல்கள் முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடங்காத விரலை வைத்துக்கொண்டு கட்டிங் மெஷினை எப்படிப் பிடிப்பது?

தான்தான் ஏறச் சொன்னேன் என்று மேனேஜர் நேர்மையாக எழுதிக் கொடுத்தார். அதில் குறையில்லை. வருகைக் கார்டுதான் காலை வாரியது. ஐந்து ஒன்றுக்கே மாஸ்டர் கார்டு அடித்து வெளியேறிவிட்டார் என்று மெஷின் சொன்னது. வேலை நேரத்துக்குப் பிறகு ஆசைக்கு ஏறி விழுந்தவருக்கு இழப்பீடு கிடையாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட்டது.

அந்தக் கார்டை அடித்தது இஸ்திரிக்காரன்.

கெட்ட எண்ணம் எதுவுமில்லை. முந்நூறு பேருக்கு ஒரே மெஷின். வரிசையில் நின்றால் பஸ் போய்விடும். அதனால் மேஜைக்கு ஒருத்தர் எல்லார் கார்டையும் அள்ளிக்கொண்டு ஓடி அடித்துவிடுவது அங்கே வழக்கம். கட்டிங்குக்கும் இஸ்திரிக்கும் சேர்த்து எட்டுப் பேர், ஓடுகிறவன் அவன். அன்றைக்கும் ஓடினான். தலைக்கு மேலே மச்சான் ஏணியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே, கைப்பழக்கத்தில், அவர் கார்டையும் சேர்த்து அடித்தான். அடுத்தவர் கார்டை அடித்தால் அன்றே சீட்டு கிழியும் என்று மெஷினுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ஆறு வருஷமாக அதற்குக் கீழே நின்றுதான் அடிக்கிறான். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் ஓட்டிவிட்டான். இன்ஷூரன்ஸ் முடிவை எதிர்த்து மச்சான் போட்ட மனுவுக்கு இன்று கடைசி விசாரணை.

விசாரணை அறையில் ஒரு மேஜையும் நான்கு நாற்காலியும் இருந்தன. கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மச்சான் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்த இஸ்திரிக்காரன் உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் குடித்தான், வராந்தாவுக்குப் போய்த் திரும்பி வந்தான்.

"சார், ஒரு இடத்துல இருங்க. எனக்குத் தலை சுத்துது" என்றார் அதிகாரி. பிறகு மச்சானைப் பார்த்தார். "ஐந்து ஒண்ணுக்கு உங்க கார்டை அடிச்சது யாரு?"

"நான்தாம்மா."

இஸ்திரிக்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"நாலு ஐம்பதுக்கே ஏணியில ஏறிட்டீங்க. நடுவுல இறங்கி, கார்டு அடிச்சிட்டு, மறுபடி ஏறினீங்களா?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"லைட்டுன்னா எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆசைம்மா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் சோறாவது வைத்திருப்பார்கள். மச்சானிடம் அதுவுமில்லை. எல்லாம் தெரிந்தும் இரண்டு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார், தங்கை வீட்டில் அடுப்பு எரியட்டும் என்று. இஸ்திரிக்காரனுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"பொய்ம்மா. அவர் கார்டை அடிச்சது நான்" என்றான்.

"மாப்ள, நீங்க வெளிய போங்க!"

"நீங்க பேசாம இருங்க மச்சான். அம்மா, அந்த மெஷின் கணக்கைப் பாருங்க. எட்டுக் கார்டு. எல்லாம் அரை நிமிஷத்துல விழுந்திருக்கும். எட்டுப் பேர் வரிசையில நின்னு அடிச்சா அப்படி விழுமா?"

அதிகாரி விரலை வைத்துப் பார்த்தார். "இருபத்திரண்டு செகண்ட்" என்றார். "மத்த கார்டு?"

"எட்டும் என் கைதான். யாரும் கேக்கல. நானா எடுத்து அடிச்சேன்."

அந்தக் கடைசிப் பகுதி பொய். ஆனால் மற்ற ஆறு பேருக்கும் குடும்பம் இருந்தது.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். படித்துக் காட்டினார். அவன் கையெழுத்துப் போட்டான்.

"இதோட நகல் உங்க கம்பெனிக்குப் போகும். தெரியும்ல?"

"தெரியும்மா."

அதிகாரி காகிதத்தை மச்சான் பக்கம் நகர்த்தினார். "நீங்க முதல்ல சொன்னது தப்பு, இவர் சொல்றதுதான் நிஜம்னு நீங்க கையெழுத்துப் போடணும். இல்லேன்னா பழைய முடிவுதான் நிக்கும்."

மச்சான் பேனாவைத் தொடவில்லை.

"போட மாட்டேன்மா. இதுல போட்டா என் தங்கச்சி குடும்பம் தெருவுக்கு வந்துடும்."

"மச்சான், நான் வேற கம்பெனி பாத்துக்குவேன். இஸ்திரிப் பெட்டி எங்கேயும் ஒண்ணுதான். உங்க கை வேற எங்க கிடைக்கும்?"

"உங்களை யாரு உளறச் சொன்னா? அறிவிருக்கா உங்களுக்கு?"

"இருந்திருந்தா அன்னிக்கே மேல பாத்துட்டு உங்க கார்டை வச்சிட்டுப் போயிருப்பேன். போடுங்க."

மச்சான் கட்டுப்போட்ட கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு இடது கையால் பேனாவை எடுத்தார். எழுதப் பழகாத கை. முதல் எழுத்திலேயே காகிதம் நழுவி ஓடியது; பிடித்துக்கொள்ள இன்னொரு கை அவருக்கு இல்லை. இஸ்திரிக்காரன் எழுந்து போய், இரண்டு உள்ளங்கைகளாலும் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"தங்கச்சிகிட்ட யாரு சொல்றது?" என்றார் மச்சான் நிமிராமல்.

"ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம். மெதுவா எழுதுங்க. கோணலா இருந்தாலும் பரவாயில்ல."

மச்சான் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மூக்கை உறிஞ்சினார். அவர் முடிக்கிற வரைக்கும் இஸ்திரிக்காரன் அசையாமல் நின்றான்.