ஐந்து வருஷத்து அழுக்கு

பூபாலசிங்கத்தின் மோட்டார் சைக்கிள் சிவப்பு நிறம் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது. நேசமலரின் கடிதம்தான் அதை ஞாபகப்படுத்தியது.

கல்யாணம் முடிந்து இருபத்தாறாம் நாள் அவளை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்தவன் அவன். தொண்ணூற்றைந்து ஆவணி மாதம். ஒரு வேலை எடுத்துக்கொண்டு இரண்டு மாதத்தில் அவளைக் கூப்பிடுவதாகத்தான் பேச்சு. அதற்குள் சண்டை மூண்டு ஊரே இடம்பெயர்ந்தது. படுக்கையில் கிடந்த தகப்பனோடு அவள் வன்னிக்குள் போய், மல்லாவியில் தங்கிவிட்டாள். அங்கிருந்து வெளியே வர இயக்கத்திடம் பாஸ் எடுப்பது கஷ்டம். எடுத்தாலும் தகப்பனை யாரிடம் விடுவது? இவன் அங்கே போனால் திரும்பி வருவது நடக்காத காரியம். கடிதங்கள் மட்டும் மாதக்கணக்கில் அலைந்து வந்து சேர்ந்தன.

ஆறரை வருஷம் இப்படியே போய்விட்டது. தகப்பன் போன வருஷம் இறந்துபோனார். இரண்டாயிரத்து இரண்டு மாசியில், சமாதானம் என்று சொல்லிப் பாதையைத் திறந்தார்கள். பங்குனியில் அவளுடைய கடிதம் வந்தது. ஞாயிறு காலை வவுனியாவிலிருந்து வரும் வான் ஒன்றில் வெள்ளவத்தை மார்க்கெட்டடியில் வந்து இறங்குவாளாம். உங்கள் முகம் மாறியிருந்தாலும் சிவப்பு மோட்டார் சைக்கிளை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எழுதியிருந்தாள். தொண்ணூற்றேழில் அதை வாங்கியபோது, பின்சீட்டில் அவளை ஏற்றிக்கொண்டு எங்கெங்கே போவதென்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பியவன் அவன்தான்.

கடிதத்தை மடித்துவிட்டு வெளியே வந்து வண்டியைப் பார்த்தான். மருந்துக் கொம்பனி ஒன்றின் பெட்டிகளைக் கொட்டாஞ்சேனையிலிருந்து நுகேகொடை வரைக்கும் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. லொறிப்புகை, செயினிலிருந்து தெறித்த எண்ணெய், காலி வீதிக்குத் தார் போட்டபோது பட்ட பொட்டுகள், எல்லாவற்றின் மேலும் உப்புக்காற்று. மழை நனைத்ததைத் தவிர அந்த வண்டி தண்ணீரைக் கண்டதில்லை. கழுவி யாருக்குக் காட்டுவது என்று விட்டிருந்தான்.

வியாழன் பின்னேரமே சவர்க்காரத் தூளும் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நுரை கறுப்பாக ஓடியதே தவிர, பெற்றோல் தாங்கியில் ஒட்டியிருந்த தார் அசையவில்லை. அழுத்தித் தேய்த்தான். கீறல்தான் விழுந்தது. பயந்துபோய், பாமன்கடைச் சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் ஹமீடிடம் தள்ளிக்கொண்டு போனான். ஹமீட் கீறலைத் தடவிப் பார்த்தான்.

“இப்பிடிச் சுரண்டினா தாரோட சேர்ந்து பெயிண்டும் போயிரும் மச்சான். தேங்காயெண்ணையப் பூசிட்டுச் சும்மா வுடுங்க. அது தானா இளகும்.”

பொறுமையில்லாமல் செய்கிற வேலை இல்லை இது என்றும் சொன்னான். பூபாலசிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆறரை வருஷம் பொறுத்தவனுக்கு இந்த மூன்று நாள்தான் பெரும்பாடாக இருந்தது.

எண்ணெய் பூசி, அரை மணித்தியாலம் விட்டு, பழைய பெனியன் துணியால் துடைத்தான். தார் மண்ணிறமாகக் கரைந்து வந்தது. மட்கார்டுக்கு உள்ளே சீமெந்து மாதிரி இறுகியிருந்த சேற்றை ஈரச்சாக்குப் போட்டு ஊறவைத்துக் கழற்றினான். எஞ்சினின் இடுக்குகளுக்கு மண்ணெண்ணெயும் பல்துலக்கும் பிரஷும். பின்னால் இருப்பவர் கால் வைக்கும் மிதிகள் இரண்டும் அழுக்கில் இறுகி, விரிக்கவே முடியாமல் இருந்தன. ஒருவரும் அதில் கால் வைத்ததில்லை. அவற்றோடுதான் சனிக்கிழமை முழுவதும் மினக்கெட்டான். அவள் ஒரு பக்கமாக இருப்பாளா, இரண்டு பக்கமும் கால் போட்டு இருப்பாளா, தோளைப் பிடிப்பாளா, இடுப்பைப் பிடிப்பாளா என்று நினைத்தபடியே தேய்த்தான். கல்யாணப் படத்தைப் பார்த்துப் பார்த்து அவள் முகம் மனதில் நின்றது. குரல்தான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஞாயிறு எட்டரைக்கு வான் வந்தது. ஆறேழு பேர் இறங்கிய பிறகு, டிரைவர் கைகொடுத்து ஒருத்தியை இறக்கினான். நேசமலர்தான். மெலிந்திருந்தாள். வலது கால் மடங்காமல், தடி மாதிரி நேராகத் தரையில் ஊன்றியது. இடுப்பை வளைத்து அந்தக் காலை இழுத்து இழுத்து அவனிடம் வந்தாள்.

இது எப்போது நடந்தது என்று கேட்டான். அந்த ஐப்பசியிலேயே, இடம்பெயர்ந்து போகும்போது நாவற்குழிப் பாலத்தடியில் ஷெல் விழுந்தது என்றாள்.

“ஏன் எழுதேல்லை?”

“எழுதினா நீங்கள் வந்திருப்பியள். வந்திருந்தா ஒருத்தரும் உங்களைத் திரும்பிப் போக விட்டிருக்க மாட்டினம்.”

சனம் அவர்களை விலத்திக்கொண்டு போனது. அவள் வண்டியைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள். பிறகு தாங்கியில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள்.

“நல்லா வச்சிருக்கிறியள்.”

“ஓம்,” என்றான். அவளிடம் சொன்ன முதல் பொய்.

ஓட்டோ ஒன்றை மறித்தான். அதன் பின்சீட்டில் குறுக்காக இருந்து காலை நீட்டினால்தான் அவளால் போக முடியும். இரண்டு பைகளையும் வைத்ததும் உள்ளே இடம் முடிந்துவிட்டது. குலுங்காமல் மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் சிங்களத்தில் சொல்லி, பாமன்கடையில் தன் அறைக்கு வழியும் சொன்னான். அவள் சேலைத் தலைப்பை ஓட்டோவுக்கு வெளியே தொங்காமல் எடுத்துவிடும்போது, அவன் கை அந்தக் காலில் பட்டது. எடுக்கவில்லை. அவளும் காலை நகர்த்தவில்லை.

“பின்னால வருவியள்தானே?” என்று கேட்டாள்.

வருவதாகச் சொன்னான். ஓட்டோ புறப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்துக்குள் அதன் பின்னாலேயே ஓட்டினான். நடுவில் ஒரு பஸ் புகுந்து மறைத்தது. அதை முந்திக்கொண்டு போனான். ஓட்டோவின் ஓரத்தால் தலையை நீட்டி, கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, அவள் பின்னால் தேடிக்கொண்டிருந்தாள்.