அடக்கத்துக்கு வந்தவர்

தொட்டியத்தில் எங்கள் வாழைத் தோட்டத்தை ஒட்டிப் பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். ஏதோ ஒரு சிமெண்ட் ஆலையின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, குழாயில் கொண்டுவந்து, எங்கள் நிலத்துக்கு அடியில் ஆழத்தில் இறக்கப் போகிறார்களாம். பேனரில் கொட்டை எழுத்தில் ‘கரியமில வாயு அடக்கத் திட்டம்’ என்று போட்டிருந்தது. எந்தப் புண்ணியவான் மொழிபெயர்த்தானோ.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த கம்பெனி அதிகாரி அரவிந்தன் பேசினார். “ஒரு தடவை அடக்கம் பண்ணிட்டா, வெளிய வரவே வராதுங்க.”

நான் எழுந்தேன். “பொணம் உங்களுது. குழி மட்டும் எங்க தோட்டத்துலயா?”

அவருக்கு முகம் சுருங்கியது. “உலகமே சூடாகுதும்மா. இது உங்க வாழைக்கும் நல்லதுதான்.”

“எங்க போர் தண்ணி கெட்டுப்போனா?”

“அதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மிங்க.”

“கம்மின்னா, இருக்குன்னுதானே அர்த்தம்?”

பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவரும் லேப்டாப்பை மூடிக்கொண்டு என்னிடம் வந்து கும்பிட்டார்.

“சரிங்கம்மா, போயிட்டு வரேன்.”

“அடக்கத்துக்கு வந்தவங்க அப்படிச் சொல்லக் கூடாதுங்க,” என்றேன். “பேசாம போயிடணும்.”