ஒரு சாண் மண்

ரென்சோ முஷ்டியை மடக்கிக் கண்ணாடித் தொட்டிக்குள் மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"கஞ்சத்தனம் பண்ணாதே, கிழவா. ஒரு சாணாவது வேணும். அவ தோண்டுற ரகம்" என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த மெர்ல்.

இரண்டு நாளாக ஒரு கரண்டி சூப்கூட இறங்காதவள், இன்று விடிந்ததுமே முதுகுக்கு மூன்று தலையணை கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கணையத்தில் வந்த நோய் முகத்தைப் பாதியாக்கியிருந்தது. கண் மட்டும் பழைய கண். இன்று டாரன்டுலா என்ற பெருஞ்சிலந்தி வருகிறது, வளர்ப்பதற்கு.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் முதன்முதலாக அதைக் கேட்டாள். டல்லி ஆற்றங்கரையில், அப்பாவின் கரும்புத் தோட்டத்து ஓரமாக, பட்டு இழை கட்டிய சிலந்தி வளைகளுக்கு முன்னால் குப்புறப்படுத்துக் காத்திருந்த பெண் அவள். வளைக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வருமா என்று பார்ப்பதில் பள்ளிக்கூடத்தையே மறந்திருக்கிறாள். ரென்சோவிடம் அப்போது ஒரு நாய் இருந்தது. அந்தச் சிலந்தி மனிதனைக் கடித்தால் வலிக்கும், நாயைக் கடித்தால் அரை மணியில் கதை முடிந்தது. இந்த நாய் போகட்டும் என்றார். அது போய் இன்னொன்று வந்தது. இப்படி ஐந்து நாய்கள், நாற்பத்தாறு வருடம். போன ஆகஸ்டில் கடைசி நாயை மாமரத்தடியில் புதைத்துவிட்டு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "இப்ப என்ன சாக்கு சொல்லப்போறே?" என்று கேட்டாள். அவர் சாக்குத் தேடிக்கொண்டிருந்தபோதே மருத்துவமனையிலிருந்து அவளுடைய பரிசோதனை முடிவு வந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தச் சாக்கும் சொல்லவில்லை.

தொட்டியோடு அவர் ஒரு பிளாஸ்டிக் பொம்மைக் கோட்டையையும் பளபளக்கும் கூழாங்கற்களையும் வாங்கி வந்திருந்தார். அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அது மீன் இல்லை, ராணியும் இல்லை என்று எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னாள். தேங்காய் நார்க் கட்டிகளை வாளியில் ஊறவைத்து, உரம் படாத தோட்டத்து மண்ணோடு பிசைந்தார். ஒரு பிடி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் இறுக்கிப் பார்த்தாள். உருண்டை நின்றது, தண்ணீர் சொட்டவில்லை. சரி என்று தலையசைத்தாள். மண் மேலே ஏற ஏற மூடிக்கும் மண்ணுக்கும் இடைவெளி குறைய வேண்டும் என்றாள். உயரத்திலிருந்து விழுந்தால் அதன் வயிறு வெடித்துவிடும். கடைசியாக, கண்ணாடியை ஒட்டியே துடைப்பத்தின் மரக் காம்பால் சாய்வாக ஒரு துளை போடவைத்தாள். உள்ளே போனாலும் தெரியவேண்டுமாம். தண்ணீருக்கு ஒரு ஜாம் புட்டியின் மூடி. ரென்சோவுக்கு வியர்த்துக் கொட்டியது. இவ்வளவு மும்முரமாக ஒரு வேலை செய்து பல மாதமாயிற்று என்று அப்போதுதான் உணர்ந்தார்.

பதினொரு மணிக்கு நர்ஸ் ஜோஸி வந்தாள். வழியில் அஞ்சலகத்தில் பெட்டியை வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். கையை முழுக்க நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைத் தூக்கிவந்தாள்.

"ஆன்ட்டி, முன் சீட்ல வச்சு பெல்ட் போட்டுக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் அதுகிட்ட பேசிக்கிட்டே வந்தேன், கோவம் வந்துடக் கூடாதுன்னு."

பெட்டிக்குள் ஈரத் தாள் சுற்றிய டப்பா. ரென்சோ அதைத் தொட்டிக்குள் இறக்கி மூடியைத் திறந்து, வர்ணம் பூசும் தூரிகையால் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினார். உள்ளங்கை அகலத்தில், ஈர மண்ணின் நிறத்தில் அது வெளியே வந்தது. தூரிகை மறுபடி பட்டதும் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு உஸ்ஸென்று நீளமாகச் சீறியது. ஜோஸி சமையலறைக்கே போய்விட்டாள். ரென்சோ மூடியைப் பூட்டினார்.

"கேட்டியா? எனக்குத்தான் குரல் கொடுத்தா" என்றாள் மெர்ல். கன்னம் சிவந்திருந்தது.

ஜோஸி மருந்தை ஏற்றிவிட்டு, கிளம்பும்போது ரென்சோவை வாசலுக்கு அழைத்து, கைகால் குளிர்ந்துவருகிறது, மூச்சு விட்டுவிட்டு வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றாள். அவர் சரி என்றார். நினைப்பு உள்ளேயே இருந்தது. தான் பார்க்காதபோது சிலந்தி நகர்ந்துவிட்டால்?

அது நகரவில்லை. இரண்டு மணிவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொம்பளச் சிலந்தி. இன்னும் இருபது வருஷம் உயிரோட இருப்பா" என்றாள்.

"எனக்கு எழுபத்துமூணு, மெர்ல்."

"அதனால என்ன? வாரம் ரெண்டு கரப்பான் போடு. தண்ணி மாத்து. கையில எடுத்துக் கொஞ்சாதே. அவளுக்குத் தனியா இருக்கத் தெரியும்."

உனக்குத் தெரியாது என்பதை அவள் சொல்லவில்லை. அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் ஒரு கால் துளையின் விளிம்பைத் தட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. மெர்ல் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். உடம்பு முழுவதும் துளைக்குள் இறங்கிக் கண்ணாடியோரம் திரும்பி உட்காரும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை.

"திரையை இழுத்துவிடு. வெளிச்சம் வேண்டாம் அவளுக்கு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ரென்சோ திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் மூச்சு வந்தது, நின்றது, நெடுநேரம் கழித்து வந்தது. ஜோஸிக்குப் போன் செய்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது துளையின் வாயிலிருந்து கடலையளவு மண் உருண்டை ஒன்று வெளியே விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"தோண்ட ஆரம்பிச்சுட்டா, மெர்ல். மண்ணை வெளிய தள்ளுறா."

சொன்னது கடைசி மூச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது உருண்டை விழுந்ததையும் சொன்னார். அப்போதும் நெஞ்சு அந்தச் சந்தோஷத்தில் படபடத்துக்கொண்டுதான் இருந்தது. அதற்காக வெட்கப்பட்டார்.

ஜோஸி வந்து நேரம் குறித்தாள். மெர்லின் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்கப் போனவள், ரென்சோவைப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டாள்.

ஐந்து மணிக்கு உடலை எடுத்துப்போக இறுதிச்சடங்கு நிறுவனத்திலிருந்து இருவர் தள்ளுபடுக்கையோடு படியேறி வந்தார்கள். இருவரும் நல்ல கனத்த ஆட்கள். மரத் தரை அதிர்ந்தது. ரென்சோ கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேசையில தொட்டி இருக்கு. என் பொண்டாட்டியோட சிலந்தி. இப்பத்தான் வீடு கட்டுறா, தரை அதிர்ந்தா பயந்துடுவா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். மற்றவரும் அவிழ்த்தார். படுக்கையை உருட்டாமல் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, கட்டைவிரல் தெரியும் காலுறைகளோடு, ஓசைப்படாமல் மெர்லைத் தொட்டியைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். வாசலில் இருந்த கொசுவலைக் கதவு படாரென்று அடித்துவிடாமல் ரென்சோ அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.