செங்கமலம் மெஸ்ஸின் தயிருக்கு இருந்த ஞாபகம்

2008 ஆவணியில் ஒரு புதன்கிழமை மதியம், இருங்காட்டுக்கோட்டை செங்கமலம் மெஸ்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி அய்யாத்துரையின் இலையில் ஊற்றிய தயிர் தண்ணீராகிவிட்டது. பக்கத்து இலைகளில் கெட்டியாகவே கிடந்தது. சாப்பாடு அப்போது இருபத்தைந்து ரூபாய், தயிர் தனியாக மூன்று ரூபாய். அந்தத் தயிருக்கு ஞாபகம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றி, பத்து வருஷமாக ஒரே தயிர்தான் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பானையின் உள்பக்கம் ஒரே அளவில் வெள்ளை மணிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். இரண்டு மணிகளுக்கு நடுவே, தயிரை எப்போதோ கெடுத்த ஒன்றின் துணுக்கு: கட்டெறும்பின் கால், பல்லியின் வால் நுனி. பழையது அடியில், புதியது விளிம்பில். வால் நுனி பதிந்த நாளிலிருந்து பானைப் பக்கம் வந்த பல்லியெல்லாம் தயிர் வெட்டி இரண்டு துண்டாகத்தான் கிடந்தன. ஞாபகத்தில் பதிந்த ஒன்று வெட்ட முடியாத அளவு பெரிதாக வந்தால் தயிர் தன்னையே வெட்டிக்கொண்டு தண்ணீராகிவிடும். செங்கமலம் இதில் வியந்ததே இல்லை. பூனை வளர்க்கிற செலவு மிச்சம் என்பார்.

அந்த வாரம் விளிம்பில் புதிதாகப் பதிந்திருந்தது ஓர் ஊதா நூல். திங்களன்று தயிரில் எண்ணெய் நாற்றம் அடித்தது. அதைச் சாப்பிட்ட நாற்பத்து மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். பக்கத்துக் கம்பெனியில் ஒரு லைன் அரை ஷிப்டு நின்றது. பானையில் ஒரே ஒரு கரண்டித் தயிர் பிழைத்தது, அந்த நூலோடு. ஊதாக் கட்டம் போட்ட சட்டை அந்த வட்டாரத்தில் அய்யாத்துரையிடம் மட்டும்தான் இருந்தது. சாத்தான்குளத்தில் அவன் அக்கா இசக்கிசெல்வி மலிவாகக் கிடைத்த ஒரே துணியில் மூன்று சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். அவனுக்கு இருந்ததே அந்த மூன்றும்தான். திங்களன்று ரூமில் தூங்கினேன் என்று அவன் சொன்னான். செங்கமலம் அவனோடு ஒரே அறையில் இருந்த மாரிசெல்வத்தைக் கேட்டார். மாரிசெல்வம், "தெரியலம்மா" என்றான்.

தெரியாமல் என்ன? அந்த அறையில் ஒரே பாய், ஒரே கொடி. ஒருவன் ஷிப்டு முடிந்து வந்து படுக்க, மற்றவன் எழுந்து கொடியில் எந்தச் சட்டை கிடக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு போவான். திங்களன்று ஊதாச் சட்டையில் மெஸ்ஸுக்குப் போனவன் மாரிசெல்வம். மெஷினுக்கு ஊற்றுகிற கூலன்ட் எண்ணெய் போகக் கை கழுவப் பொறுமையில்லை, கரண்டி வேறொருவர் கையில் இருந்தது, பானைக்குள் கையை விட்டான். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும்.

ஞாயிறன்று அய்யாத்துரை மூன்று சட்டையையும் துவைத்துப் போட்டுவிட்டு பனியனோடு வருவான். அன்றைக்கு மட்டும் தயிர் கெட்டியாக விழும். ஞாயிறு தயிருக்கும் லீவு என்று சிரித்தார்கள். தயிர் ஆளைப் பார்ப்பதில்லை, சட்டையைத்தான் பார்க்கிறது என்று மாரிசெல்வத்துக்கு மட்டும் தெரியும். அவன் குனிந்தே சாப்பிட்டான். லைன் நின்ற பழியில் கான்ட்ராக்டர் அய்யாத்துரையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவன் ஒரகடத்தில் வேலை பார்த்தான், வாலாஜாபாத்தில் பார்த்தான். செங்கமலத்திடம் உறை வாங்கிப் போகாத மெஸ் அந்தச் சாலையில் இல்லை. ஒரு கரண்டி போனால் போதும், விடிவதற்குள் புதுப் பானையிலும் மணிவரிசை முழுதாக ஏறிவிடும், ஊதா நூல் உட்பட. போன இடமெல்லாம் இலையில் தண்ணீர், அதன் பின்னாலேயே பேச்சு. 2009 தையில் ஊருக்கு பஸ் ஏறினான். அன்று கொடியில் இருந்தது இரண்டு சட்டைதான். மூன்றாவது மாரிசெல்வத்தின் பெட்டிக்கு அடியில் இருந்தது.

ஆறு வருஷம் போனது. மாரிசெல்வம் நிரந்தரமாகி, சூப்பர்வைசராகி, தனி அறை எடுத்தான். அவன் இலையில் தயிர் ஒவ்வொரு நாளும் கத்தியால் வெட்டி எடுக்கிற மாதிரிக் கெட்டியாக விழுந்தது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தான். 2015 ஆனியில் அய்யாத்துரை போன் செய்தான். ஒரு கான்ட்ராக்டர் கூப்பிடுகிறாராம்.

"ஏல மாரி, அந்தத் தயிரு இன்னும் என்னைய ஞாபகம் வச்சிருக்குமால?"

"நீ வால, பாத்துக்கிடலாம்" என்றான் மாரிசெல்வம். போனை வைத்துவிட்டு அழுதான்.

அய்யாத்துரை வெள்ளைச் சட்டையில் வந்து மெஸ்ஸில் உட்கார்ந்தான். தயிர் கெட்டியாக விழுந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மாரிசெல்வம் வந்து எதிரில் உட்கார்ந்தான், வயிற்றில் பொத்தான் எட்டாத ஊதாச் சட்டையோடு. அவன் இலையில் தயிர் தண்ணீராக ஓடியது.

"இன்னாப்பா சூப்பர்வைசரு, உனக்குப் போய் தண்ணியாவுது?" என்றார் செங்கமலம்.

"அன்னைக்குப் பானையில கைய விட்டது நாந்தாம்மா. இது அய்யாத்துரை சட்டை."

அய்யாத்துரை அந்தச் சட்டையின் காலரைப் பார்த்தான். "அக்கா இந்தச் சட்டைய எங்கலன்னு கேட்டுக்கிட்டே இருந்தா" என்றான். இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வேறு வரிசையில் உட்கார்ந்து, தயிர்ச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். மாரிசெல்வத்தோடு அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

மாரிசெல்வம் தினமும் அந்தச் சட்டையில்தான் மெஸ்ஸுக்கு வருகிறான். செங்கமலம் ஒன்றும் கேட்காமல் தயிர் ஊற்றுகிறார், அது தண்ணீராகிறது, அவன் பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகிறான். துவைத்த ஈரம் காயாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமையும் அதையே போட்டுக்கொண்டு வருகிறான். தயிருக்கு லீவு என்று இப்போது யாரும் சொல்வதில்லை.