கிழியாத வார்

காபி எடுக்கப் போகிற சாக்கில் லோரெட்டா மறுபடியும் ரோமனைப் பார்த்தாள். தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் ஊரே உட்கார்ந்து பன்றித்தொடை சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. புதைத்துவிட்டு வந்த கையோடு பசிப்பது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் செத்தவரின் கூடப்பிறந்த தம்பி ரோமன் மட்டும் தட்டைத் தொடவில்லை. உயரத்திலிருந்த சின்ன சன்னல் வழியாக, வெளியே நின்ற தன் பிக்கப் வண்டியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வண்டியில் என்னவோ இருக்கிறது. லோரெட்டாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவள் கணவர் கிளீட்டஸ் மான் வேட்டைக்கு ஓக் மரத்தில் கட்டியிருந்த பரணிலிருந்து விழுந்து செத்தார். மதியச் சாப்பாட்டுக்கு வராததால் லோரெட்டாதான் ரோமனைத் தேடிப் போகச் சொன்னாள். மரத்தடியில் கிடந்தவரைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். உடம்பை மரத்தோடு பிணைக்கிற பாதுகாப்பு வார் அறுந்துபோச்சு என்று போலீசிடம் சொன்னவனும் அவன்தான். போன கிறிஸ்துமஸுக்கு லோரெட்டாவே வாங்கிக் கொடுத்த வார் அது. மாட்டைக் கட்டி இழுத்தாலும் தாங்கும். அது எப்படி அறும்? எங்கே, காட்டு என்று கேட்டதற்கு, எரித்துவிட்டேன் என்றான். சொல்லும்போது காது மடல் சிவந்தது. அந்தக் குடும்பத்தில் எவனுக்கும் பொய் சொல்ல வராது.

எதை மறைக்கிறான் என்பதும் அவளுக்குப் பாதி தெரியும். அந்தப் பாதிதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஏப்ரலில் மாடுகளை விற்றார்கள். அதற்குப் பிறகும் கிளீட்டஸ் விடியுமுன் எழுந்து, கறக்க ஒன்றுமில்லாத தொழுவத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். கோடையில் ஒருநாள் லோரெட்டா துப்பாக்கி அலமாரியின் சாவியை எடுத்து மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். சாவி எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பாள்.

இலையுதிர் காலம் வந்ததும் மான் வேட்டைக்கான கப்பி வைத்த வில்லைச் சுவரிலிருந்து கீழே இறக்கினார். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. போன வருடம் ஒரு பெரிய கலைமான் பரணுக்கு அடியிலேயே வந்து நின்றதாம். இவர் நாணை இழுத்தபோது, அம்பு, அது உட்காரும் உலோகக் கவையில் உரசி ஒரு சின்ன ‘டிக்’. அவ்வளவுதான், மான் மாயமாகிவிட்டது. அந்த ‘டிக்’கை ஒழித்துக்கட்டுவதே இந்த வருடம் மனுஷனுக்கு வேலை. சமையலறை மேசையில் வில்லைப் போட்டுக்கொண்டு கவையில் ரப்பர் ஒட்டுவார், நாடா ஒட்டுவார், காதருகே வைத்து இழுத்துப் பார்ப்பார், பிய்த்து எறிவார். வீடெல்லாம் பசை நாற்றம்.

சாவதற்கு முந்தின சாயங்காலம், கிறிஸ்துமஸ் மரத்தடியில் விரிக்கிற சிவப்புக் கம்பளித் துணியில் ஓட்டை விழுந்திருப்பதை லோரெட்டா பார்த்துவிட்டாள். கவைக்கு நகக்கண் அளவு போதும். இவர் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டியிருந்தார். ஒரு மானுக்காக வீட்டையே வெட்டிப் போட்டுடுவீங்களா என்று கத்தினாள். அவர் சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் இப்போது அவளை அரித்தது. ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்களுக்கு முகம் தெளிந்துவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவள் அவரிடம் கடைசியாகப் பேசியதும் அந்தக் கத்தல்தான்.

சாலட் கிண்ணத்தோடு பெர்னிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரில் யார் வீட்டில் என்ன வேகிறது என்று மூக்காலேயே கண்டுபிடிக்கிறவள். முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“வார் புதுசுதானே லோரெட்டா?”

லோரெட்டா காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ரோமன் பக்கம் போய், வெளியே வா என்று மட்டும் சொன்னாள்.

வெளியே அக்டோபர் காற்று முகத்தில் அறைந்தது. அவள் நேராக வண்டியிடம் போய் நின்றாள்.

“திற.”

“அண்ணி, வேண்டாம்.”

“நீ எரிக்கல. உங்க அண்ணன் கை பட்ட எதையும் நீ எரிக்க மாட்ட. திற.”

ரோமன் வண்டிக் கதவைத் திறந்தான். பிறகு இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு தீவனச் சாக்கை இழுத்து எடுத்தான். வாரை அவர் எடுத்துப்போகவே இல்லை என்றான். அண்ணனைக் கண்டுபிடித்தபின் வீட்டுக்கு ஓடி வந்தபோது, கொட்டகையில் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்ததாம்.

“வேணும்னேதான் விட்டுட்டுப் போயிருக்கார், அண்ணி. போலீஸ் பாத்தா ஊருக்கே தெரிஞ்சிடும். உங்களுக்கும் தெரிஞ்சிடும். அதான் சாக்குல திணிச்சுட்டேன். சத்தியமா அதைக் கண்ணால பாக்கக்கூட முடியல.”

ஆக அவள் பயந்தது சரிதான். சாக்கை வாங்கி வண்டியின் பின்பலகையில் வைத்தாள். சாக்குக்குள் கையை விட்டாள். வார் முழுசாக இருந்தது, தையல்கூடப் பிரியவில்லை. இழுக்க இழுக்க வந்தது. கடைசியில், மரத்தில் மாட்டுகிற இரும்புக் கொக்கி வந்தது.

கொக்கியின் வளைவு முழுக்கச் சிவப்புக் கம்பளித் துணி சுற்றியிருந்தது. ஓரம் சுருங்காமல், நிதானமாகச் சுற்றிய சுற்று. துணியின் முனை பிரியாமலிருக்க அதைக் கவ்விக்கொண்டு ஒரு மரக் கிளிப். அவளுடைய துணிக்கொடியில் போடுகிற கிளிப்.

லோரெட்டா கொக்கியை மூக்கருகே கொண்டுபோனாள். பசை நாற்றம் இன்னும் இருந்தது.

“இதைப் பாத்தியா நீ?”

“அது என்ன?”

“பசை காயறதுக்கு மாட்டினது.” அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. “அன்னைக்கு சாயங்காலம் ஒட்டியிருக்கார். கொக்கி மரத்துல இடிச்சா சத்தம் வருமில்ல? விடியறதுக்குள்ள காயல. ஒரு நாள்தானேன்னு இது இல்லாம ஏறியிருக்கார்.”

ரோமன் வண்டிக் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷன் எதிரே நின்றிருந்தால் இந்த வாராலேயே நாலு சாத்து சாத்தியிருப்பாள். மதியம் வீட்டுக்கு வர நினைத்திருக்கிறார். மறுநாளும் மரம் ஏற நினைத்திருக்கிறார். அதற்குத்தான் இத்தனை பாடு.

கிளிப்பைக் கழற்றிக் கறுப்புக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். துணி நன்றாக ஒட்டியிருந்தது, பிரியவில்லை. கொக்கியை வண்டியின் இரும்புப் பலகையில் ஓங்கித் தட்டினாள்.

சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் தட்டினாள்.