நாரையின் மேல் விழுந்த துளி

"ஊசி ஏறினா ரொம்ப வலிக்குமா, இன்சுக்?"

"முதல் தடவை வலிக்கும்கா. அப்புறம் துணி எது, விரல் எதுன்னு கைக்கே தெரியாது."

"நல்ல வாத்தியாரம்மாடி நீ எனக்கு வாய்ச்சிருக்கே!"

பூந்தையல் மெஷினில் முதல் பாடம் படித்த அன்று ஓக்புன் அப்படிச் சிரித்தாள். புருஷனை நிலக்கரிச் சுரங்கத்தில் பறிகொடுத்துவிட்டு சியோலுக்கு வந்தவள். கற்றுக்கொடுத்த இன்சுக் அவளைவிடப் பத்து வயது இளையவள். முழங்காலால் தண்டைத் தள்ளினால் ஊசி பக்கவாட்டில் அகலும்; விட்டால் குறுகும். வேகத்தைப் பாதம் பார்த்துக்கொள்ளும். வளையத்தில் இறுக்கிய துணியை இரண்டு கையும் நகர்த்த வேண்டும். "மாமியாரைச் சமாளிச்சவளுக்கு இது என்ன பிரமாதம்!" என்றாள் ஓக்புன்.

இன்றும் விடியுமுன்பே விளக்கைப் போட்டார்கள். ஒரே அறையைப் பலகை அடித்து இரண்டு தட்டாக்கிய பட்டறை அது. மேல்தட்டில் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தே ஏறி, குனிந்தே உட்கார்ந்தார்கள். கரி அடுப்பு கீழே, முதலாளி பியோவின் காலடியில். மேலே புகை மட்டும் வரும். இன்சுக்கின் வலது சுட்டுவிரல் வழக்கம்போல மரத்துக் கிடந்தது. அது குளிரால் வந்ததல்ல. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

கல்யாணப் போர்வைக்கு வெள்ளைப் பட்டில் நாரைகள். சிறகின் முனையில் ஓக்புன்னின் மெஷின் இடறி நின்றது. அவள் கத்தவில்லை. ஊசி நகத்தைத் துளைத்து உள்ளே முறிந்திருந்தது. இன்சுக் குறடால் பிடித்து இழுத்தாள். பாதிதான் வந்தது. காயத்தில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டாள். பட்டறையில் தெரிந்த மருந்து அவ்வளவுதான்.

ஏணியில் பியோவின் தலை தெரிந்தது. மெஷினின் எண்தான் அவனுக்கு ஆளின் பெயர்.

"ஐயோ, பட்டு! நாலாம் நம்பர், துப்பு! சீக்கிரம்!"

அவரவர் ரத்தக்கறை அவரவர் எச்சிலுக்குத்தான் போகும். தையல்காரிகள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஓக்புன் வாயைக் குவித்தாள். வெளிறிய உதட்டில் நூல்தூசிதான் ஒட்டியிருந்தது.

"எச்சி வரல மொதலாளி."

"அப்ப ரெண்டாம் நம்பர், நீ துப்பு!"

இன்சுக் அசையவில்லை. பின்வரிசையில் தைத்துக்கொண்டிருந்த சுன்தொக் சொன்னாள்: "நீங்களே துப்புங்க மொதலாளி. எங்க மேல துப்பித் துப்பிப் பழக்கம்தானே."

சுன்தொக் தன் மெஷினை அணைத்தாள். பக்கத்திலிருந்தவளும் அணைத்தாள். ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் இன்சுக்கும் தன் மெஷினின் மோட்டாரை அணைத்தாள். கீழே அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அது மேலே கேட்டதேயில்லை.

"என்ன கூத்து இது? வெளியில ஆயிரம் பொண்ணுங்க வேலைக்கு நிக்கிறாங்க, தெரியுமில்ல?"

"அவங்களுக்கும் விரல்தான் இருக்கு," என்றாள் சுன்தொக்.

"சின்ன ஊசித்துண்டு! உள்ளயே கெடந்தா தானா ஆறிடும். ரெண்டாம் நம்பர் விரல்ல வருஷக்கணக்கா கெடக்கே, அவ தைக்கலையா?"

எல்லோரும் இன்சுக்கைப் பார்த்தார்கள்.

இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஓக்புன்னின் ரத்தம் அவள் உள்ளங்கையில் சூடாக வழிந்தது. சுட்டுவிரலுக்கு மட்டும் அந்தச் சூடு எட்டவில்லை.

"ஏன்டி எங்ககிட்டகூடச் சொல்லல?" என்று சுன்தொக் மெல்லக் கேட்டாள். கேட்டுக்கொண்டே குனிந்து நகர்ந்து வந்து அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். மற்றவர்களும் நகர்ந்து வந்தார்கள். பலகை கிறீச்சிட்டது.

இன்சுக் ஓக்புன்னின் கையைத் தன் கையோடு சேர்த்து, ஏணியில் நின்ற முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மொதலாளி, எங்க ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."